உள்பக்கத்துத் தேதி

இரங்கல் கூட்டத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். வெர்னா தன் சாம்பல் நிற உடுப்போடு, முகாமில் தங்கள் வீடாக நிற்கும் ட்ரெய்லருக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். முதுகுக்குக் கீழே பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டி. ஒரு கையில் டார்ச். இன்னொரு கையில், புழுதி துடைக்க கணவர் டெல்பர்ட்டின் பழைய காலுறை.

டயரின் வெளிப்பக்கம் கம்பெனிப் பெயரைப் பெரிதாகக் காட்டிக்கொண்டிருக்கும். எந்த வாரம், எந்த வருஷம் அது பிறந்தது என்பதை மட்டும் ஒரு பக்கத்தில்தான் முழுசாக அச்சடித்திருப்பார்கள். மாட்டினவன் அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டிவிட்டால், பார்க்க வேண்டியவர் இப்படித்தான் மண்ணில் படுக்க வேண்டும். இரண்டு குளிர்காலமாக வெர்னா படுக்கிறேன் என்றாள். டெல்பர்ட் விடவில்லை.

"எதுக்கு? நாலு வருஷ டயர். மேல் பட்டனைப் பாரு, தேயவே இல்ல, புதுசு மாதிரி இருக்கு" என்பார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, நாலு டயர் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. "என் கைக்குத் தெரியும் வெர்னா. உன் நம்பருக்கு என்ன தெரியும்?"

இப்போது புழுதி விலகி எண்கள் தெரிந்தன. வெர்னா இரண்டு தடவை படித்தாள். ஒன்பது வருஷம்.

"அடப்பாவி டெல்பர்ட்!" என்று கத்தினாள். அவளுக்கு நேர் மேலே, சாப்பாட்டு மேஜையில், அவரைத் தகனம் செய்த சாம்பல் ஒரு மரப்பெட்டியில் இருந்தது. "நாலு வருஷமாம், நாலு வருஷம்!"

அடுத்த டயருக்கு நகர்ந்தாள். அதே வாரம், அதே வருஷம். அப்போதுதான் விளங்கியது. அவர் பொய் சொல்லவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் வாங்கினார். அதற்கு முன் ஐந்து வருஷம் அது யாரோ ஒருவன் கிடங்கில் கிடந்திருக்கிறது. வாங்கின தேதியை வயசு என்று நம்பிவிட்டார் மனுஷன். தேதியை உள்ளே திருப்பி மாட்டினவனுக்கு விஷயம் தெரிந்தே இருக்கும்.

ரப்பரின் மடிப்பில் நகத்தால் கீறினாள். மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தன. பிறகு ரிம்மின் உட்புறத்தையும் துடைத்தாள். எவ்வளவு காற்று தாங்கும், எவ்வளவு எடை தாங்கும் என்று அங்கேயும் அச்சு இருந்தது. அதையும் மனசில் வாங்கிக்கொண்டாள்.

பளபளவென்று இரண்டு கறுப்பு ஷூக்கள் வந்து நின்றன. மகன் ராண்டல். ஒஹையோவிலிருந்து முந்தாநாள்தான் விமானத்தில் வந்திருந்தான்.

"அம்மா? அடியில என்ன பண்றே?"

"தேதி பாக்கிறேன்."

"இன்னிக்கா? எல்லாரும் ஹால்ல உன்னைத் தேடுறாங்க. பாஸ்டர் வந்தாச்சு."

"உங்கப்பா எங்கயும் ஓடிடப் போறதில்ல. இரு, வர்றேன்."

அவன் குனிந்து பார்த்தான். அப்பாவின் மூக்கு அப்படியே அவனுக்கு. "அம்மா, இது இனி நகரப் போறதில்ல. எதுக்கு இதெல்லாம்? பக்கத்து இடத்து ஹோமர் வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டாரு, இருக்கிற இடத்திலயே, இருக்கிற டயரோட. நம்ம வீட்டுல, தரைக்குக் கீழ இருக்கிற கீழ்த்தளத்துல உனக்கு ரூம் தயாரா இருக்கு. தனி பாத்ரூம்."

"ஜன்னல்?"

"சின்னது ஒண்ணு இருக்கு. மேல, கூரையை ஒட்டி."

"புல்லோட வேர் தெரியும், இல்ல?" வெர்னா கையை நீட்டினாள். "தூக்கி விடு. இன்னிக்கு மத்தியானம் டயர் லாரி வருது. நாலும் புதுசு. ஏப்ரல் முடியிறதுக்குள்ள நான் கோடைக்கு மொன்டானா போயிடுவேன், வருஷா வருஷம் போற மாதிரி."

"தனியாவா? இவ்வளவு கனத்தை இழுத்துக்கிட்டு நீ ஓட்டியிருக்கியா?"

"உங்கப்பாவுக்குக் கண்ணுல புரை வந்த வருஷம் யாரு ஓட்டினதுன்னு நினைச்சே? பேயா?"

உடுப்பின் பின்புறம் செம்மண். அவள் அதைத் தட்டிவிடவில்லை. அப்படியே நடந்தாள்.

அந்த வாரம் புதன்கிழமை காலையில், ட்ரெய்லர் நிழலில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே டெல்பர்ட் போய்விட்டார். காபிக் கோப்பை மடியில் சாயாமல் இருந்தது. அதற்கு முந்தின நாள்தான் பெரிய சண்டை. டவுனில் டயர் கடை வைத்திருக்கும் யோலாண்டாவிடம் வெர்னா தானாகவே சொல்லி, சனிக்கிழமைக்கு லாரியை வரச்சொல்லிவிட்டாள். "இந்த டயர் என்னைக் கொல்லும்னு நினைக்கிறியா?" என்று அவர் கத்தினார். டயர் கொல்லவில்லை. அந்த ஒரு வாதத்தில் அவர் ஜெயித்துவிட்டார் என்பதுதான் வெர்னாவுக்குப் பொறுக்கவில்லை.

ஹாலில் பாஸ்டர் பேசி முடித்தார். அந்த முகாமில் குளிர்காலம் முழுக்க ட்ரெய்லர் போட்டுக் கிடக்கிற கிழடுகள் எல்லாரும் ஆளுக்கொரு தட்டு கொண்டு வந்திருந்தார்கள். பன்றித்தொடை சாண்ட்விச், சூரை மீன் போட்ட நூடுல்ஸ், நடுங்கிக்கொண்டிருக்கும் பச்சை ஜெல்லி. காபி பாத்திரத்தைச் சுற்றி ஆண்கள் முதலில் டெல்பர்ட்டைப் பற்றிப் பேசினார்கள். பிறகு, அந்தக் கூட்டத்தில் எந்தப் பேச்சும் கடைசியில் போய் நிற்கிற இடத்தில் போய் நின்றார்கள். டயர்.

"எனக்கு நியூ மெக்ஸிகோவுல வெடிச்சுது. சக்கரத்து மேல இருந்த தரையையே பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. கழிவறையில உக்காந்தா ரோடு தெரியும்."

"மெதுவாப் போகணும்யா. நீ பறந்திருப்பே."

"காத்துக்குப் பதிலா நைட்ரஜன் அடிச்சுப் பாரு."

"எவன் சொன்னான்? விக்கிறவனா?"

பக்கத்து இடத்துக்காரர் ஹோமர் ஒரு தட்டு நூடுல்ஸோடு வெர்னா அருகில் வந்து உட்கார்ந்தார். மனைவியை இழந்தவர். நல்ல மனுஷன். அறிவுரை மட்டும் கேட்காமலே வரும்.

"நான் சொல்றதைக் கேளு வெர்னா. அப்படி மாத்தித்தான் ஆகணும்னா ட்ரெய்லர் டயர் வேண்டாம். லாரி டயர் போடு. அது உறுதி."

"நம்ம ரிம் அளவுக்கு வர்ற லாரி டயர் எவ்வளவு சுமக்கும் ஹோமர்?"

"அது... நல்லாவே சுமக்கும்."

"இப்ப இருக்கிறதை விடக் கம்மியா சுமக்கும். பாத்துட்டேன். பேரு பெரிசு, தோள் சின்னது."

ஹோமர் நூடுல்ஸைக் கிளறினார். "டெல்பர்ட் இவ்வளவு யோசிக்க மாட்டான்."

"அதான் நான் யோசிச்சேன்."

மத்தியானம் தாண்டியது. லாரி வரவில்லை. வெர்னா இரண்டு முறை வாசலுக்குப் போய் வந்தாள். ராண்டலின் தோள்கள் இறங்கி, முகம் லேசாகியிருந்தது. வெர்னா போனை எடுத்தாள்.

"யோலாண்டா, உங்க லாரி எங்கே?"

"வெர்னாம்மா... உங்க வீட்டுக்காரர் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே போன் பண்ணி வேண்டாம்னுட்டாரே. அவர் தவறிட்டார்னு அப்புறம்தான் கேள்விப்பட்டேன். இந்த நேரத்துல உங்களை எப்படித் தொந்தரவு பண்றதுன்னு..."

"வேண்டாம்னாரா?"

"டயர் இன்னும் பத்து வருஷம் ஓடும்னு சொன்னார்."

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றிலிருந்து கிளம்பி ஹால் முழுக்கக் கேட்டது. காபி பாத்திரத்துப் பேச்சு நின்றது. பாஸ்டர் கேக்கை வாயருகே பிடித்தபடி திரும்பினார்.

"என்னம்மா?" ராண்டல் ஓடி வந்தான்.

"உங்கப்பா. நான் துணி துவைக்கப் போன நேரம் பாத்து போன் பண்ணி, டயரை வேண்டாம்னு சொல்லியிருக்கார்."

ராண்டல் மெதுவாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். சின்னக் குழந்தையிடம் பேசுகிற குரலில், எல்லாரும் கேட்கும்படி சொன்னான். "அப்போ அதுதான் அவரோட கடைசி ஆசை அம்மா. அதையாவது மதிக்கலாம், இல்லையா?"

ஹாலில் இரண்டு தலைகள் ஆமோதித்து அசைந்தன. ஹோமர் தட்டைப் பார்த்தார். வெர்னா அந்தத் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள். முதுகில் செம்மண் அப்படியே இருந்தது.

"கடைசி ஆசையா? கடைசிச் சண்டைடா அது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த மனுஷனோட சண்டை போட்டிருக்கேன். அவர் சொன்னது சரின்னா விட்டுக்கொடுத்திருக்கேன், தப்புன்னா விட்டதில்ல. செத்துட்டார்ங்கிறதுக்காக இன்னிக்கு விட்டுக்கொடுத்தா, இத்தனை நாளும் அவரை ஒரு ஆளா மதிச்சே பேசலைன்னு ஆயிடும்."

அவள் போனைக் காதில் வைத்தாள்.

"யோலாண்டா, இருக்கீங்களா? அந்த நாலும் இன்னும் உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கும்மா. ஆனா அதுவும் பழைய டயர் அளவு எடைதான் தாங்கும். அதைவிட ஒரு படி கனமானதும் இருக்கு. உங்க ட்ரெய்லர் எடை என்ன?"

"தண்ணித் தொட்டி நிறைய ஊத்தி, ஒரு பாத்திரம்கூட இறக்காம, எடைமேடையில நிறுத்திப் பாத்தேன். அதுவும் ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா. விளம்பரத்தாள்ல போட்டிருக்கிறது காலி வண்டியோட எடை. அடுப்பும் ஃப்ரிட்ஜும் இருக்கிற பக்கம் கிட்டத்தட்ட அஞ்சாயிரம் பவுண்டு இறங்குது. பழைய டயர் ரெண்டும் சேர்ந்து தாங்கிறதே அவ்வளவுதான். மிச்சமே இல்ல."

"அப்போ கனமானதுதான். ஆனா அதுக்குக் காத்து எண்பது வைக்கணும். உங்க ரிம் அதைத் தாங்குமா? நிறைய பேர் இதைப் பாக்காம போட்டுட்டு..."

"எண்பதுன்னு அச்சடிச்சிருக்கு. காலையில அடியில படுத்துப் பாத்தேன்."

"இன்னிக்குக் காலையிலயா?"

"ஆமா. டயர் எப்பப் பிறந்தது?"

"இந்த ஜனவரியில."

"தேதி வெளியில தெரியிற மாதிரி மாட்டணும். ஸ்டெப்னிக்கும் ஒண்ணு சேத்து, அஞ்சு கொண்டாங்க."

யோலாண்டா தானே லாரியை ஓட்டிக்கொண்டு வந்தாள். இறங்கியதும் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்து வெர்னாவுக்குத் தலை குனிந்தாள். பிறகு தொப்பியைத் திருப்பி மாட்டிக்கொண்டு ஜாக்கியை இறக்கினாள். அந்த முகாமில் ஒரு ட்ரெய்லர் ஜாக்கி மேல் நின்றால் ஒருவரும் வீட்டுக்குப் போவதில்லை. இரங்கலுக்கு வந்த அத்தனை பேரும் கோட்டும் டையுமாக நாற்காலிகளை இழுத்து வந்து வட்டமாகப் போட்டு உட்கார்ந்தார்கள். பச்சை ஜெல்லியும் வந்தது.

கழற்றிய முதல் டயரை யோலாண்டா காலால் அழுத்திப் புரட்டினாள். உள்பக்கத்தில் ஒரு கை அகலத்துக்குப் புடைப்பு. எலியை விழுங்கின பாம்பு வயிறு மாதிரி.

ஹோமர் எழுந்து வந்து அதைத் தொட்டுப் பார்த்தார். அது அடுப்பு இருக்கிற பக்கத்து டயர். "இதையா நான் இருக்கிறபடியே வாங்கிக்கிறேன்னு சொன்னேன்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

ராண்டலும் குனிந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுத்த சக்கரத்தைப் பிடித்தான்.

நட்டுகளை வெர்னாதான் முறுக்கினாள். டெல்பர்ட்டின் நீளமான ஸ்பேனர், அளவு வந்ததும் 'டக்' என்று சொல்லுகிற வகை. ஒன்றை முறுக்கி அதற்கு எதிரில் இருப்பதை முறுக்கி, மறுபடி எதிரில்.

"மெதுவா அம்மா."

"நீ நட்டை எண்ணு. எனக்கு மெதுவா எதுன்னு தெரியும்."

அடுத்த புதன்கிழமை விடிந்ததும் வெர்னா கிளம்பினாள். ட்ரெய்லர் நின்ற சரளையில் நாலு பள்ளம் மட்டும் மிச்சம். மரப்பெட்டியை, ட்ரெய்லரை இழுக்கும் வண்டியின் முன்சீட்டில் வைத்துப் பெல்ட் போட்டிருந்தாள். ராண்டலின் விமானம் மத்தியானம்தான். "முதல் நிறுத்தம் வரைக்கும் பின்னாடி வர்றேன்" என்று வாடகைக் காரில் ஏறிக்கொண்டான். கீழ்த்தளத்து ரூம் பற்றி அதன்பின் அவன் பேசவில்லை. அந்த யோசனையைக் கைவிட்டதாகவும் சொல்லவில்லை.

புதுச் சக்கரம் மாட்டினால் ஐம்பது மைலில் நிறுத்தி நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும். ஒரு பெட்ரோல் பங்கின் ஓரமாக வெர்னா நிறுத்தினாள். ஸ்பேனரை எடுத்துச் சுற்றி வந்தாள். டக். டக். இரண்டே நட்டு கால் திருகு வாங்கின, மற்றதெல்லாம் இருந்தபடி இருந்தன. ஸ்பேனரைத் துடைத்து அதன் உறையில் போட்டாள்.

ராண்டல் காரில் இருந்தபடியே கண்ணாடியை இறக்கினான். "எல்லாம் சரியா?"

"சரி. நீ கிளம்பு, விமானத்தை விட்டுடாதே."

அவன் கிளம்பவில்லை. வெர்னா வண்டியில் ஏறப் போனாள். கதவைத் திறந்தவள் திரும்பி வந்தாள்.

முதல் டயர் மேல் உள்ளங்கையை வைத்தாள். கதகதப்பு. இரண்டாவதிலும் அதே கதகதப்பு. ட்ரெய்லரின் பின்பக்கமாகச் சுற்றிப் போய் மூன்றாவதைத் தொட்டாள். அடுப்பு இருக்கிற பக்கத்துக் கடைசி டயரில் கையை வைத்தபோது நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லாரி இரைந்து போனது. அதன் காற்றில் அவள் சட்டை படபடத்து அடங்கியது.

லாரி போன பிறகும் கையை எடுக்கவில்லை.