ரோச் காட்டாத மலை

1.
ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு நோட்டீஸிலிருந்து கிளம்பியது: ‘மலை, பாலைவனம், கடல்! ஒரே நாளில், வழிகாட்டியுடன் வேன் பயணம். தூத்துக்குடி, 1976.’ மூன்று சரக்கை ஒரே விலைக்குத் தருகிறேன் என்பவனை எங்கள் கடைத்தெரு நம்பாது. நானும் நம்பவில்லை; அதனால் எழுத உட்கார்ந்தேன்.

முத்துக்குளிக்கும் கடலின் மீது கதிரவன் தன் பொற்கரங்களை... வேண்டாம். வேனுக்கு நேரமாகிறது.

2.
வழிகாட்டியும் டிரைவருமான ரோச்சுக்கு இது முதல் பயணம். ஹார்பரில் மூட்டை தூக்கிய தோள் இன்னும் வலிக்கிறது. வேன்காரர் சங்கரலிங்கம் அண்ணாச்சி சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: “ஒருத்தர் கொற சொன்னாலும் சாவிய வச்சிட்டு மூட்ட தூக்கப் போயிரணும்.”

மணப்பாட்டில் கடலைக் காட்டினான். “இது நம்ம கடலுதானல?” என்று வேனில் வந்த கடைத்தெருக்காரர்கள் கொட்டாவி விட்டார்கள். பிறகு டீ குடிக்க உடன்குடியில் வண்டியை நிறுத்தினான். அங்கேதான் தப்பு.*

(* வியாபாரக் குடும்பங்களைக் கருப்பட்டிக் கடை அருகே இறக்கிவிடக் கூடாது. தங்கள் பேரம் முடிந்ததும் அடுத்தவர் பேரத்தையும் பேசுவார்கள். மூன்று மணி நேரம் போயிற்று.)

பாலைவனம் என்று காட்டிய தேரிக்காட்டுச் செம்மணலில் கிழவர்கள்கூடச் சறுக்கி விளையாடினார்கள். அதற்குள் பொழுது சாய்ந்தது. பாபநாசம் மலைக்கு இனி வழியில்லை. வண்டியைத் திருப்பினான்.

3.
[கருவாட்டு வியாபாரி அந்தோணியம்மாளைக் கொடுமைக்காரியாக்க நினைத்தேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.]

“ஏலே ரோச்சு, மலை எங்கலே?”

திரும்பும் வழியில் தெரிந்த உப்பளத்தைக் கை காட்டினான். “இந்தா, வெள்ளையா நிக்குல்லா அக்கா!”

அவள் இறங்கிப் போய், உப்புக் குவியலில் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தாள். “நான் மீனுக்குப் போடுதத எங்கிட்டயே மலைன்னு விக்கியா?”

வேன் சிரிப்பில் குலுங்கியது. ரோச் மட்டும் சாவியைத் தடவினான்.

“மலைக்குப் பதிலா இன்னொரு கடலு காட்டுதேன்க்கா.”

“கடலு எங்க வாசல்ல கெடக்கு.”

“இன்னொரு பாலைவனம்?”

“மணலு இன்னும் சேலைக்குள்ள கெடக்கு. வண்டிய எடு.”

4.
“மலை பாத்தியளா?” என்று, வேன் திரும்பி வந்து நின்றதும் தன் வாசலிலேயே கேட்டார் அண்ணாச்சி.

முடிவு அ: ‘பாத்தோம்’ என்று அந்தோணியம்மாள்... (எடையில்கூடப் பொய் சொல்லாதவள். அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: ரோச் கண்ணீர் மல்க... (சீ.)

நடந்தது:

“மலை காட்டல அண்ணாச்சி” என்றாள் அந்தோணியம்மாள்.

அண்ணாச்சி சாவிக்குக் கையை நீட்டினார்.

“கைய மடக்கும். மத்த ரெண்டும் அருமையான சரக்கு. மலை பாக்கி நிக்கி. அடுத்த ஞாயிறு பூசை முடிஞ்சதும் வாரோம். தாமதத்துக்குக் கொசுறா ஒரு அருவி. இவன்தான் கூட்டிட்டுப் போகணும். வேற ஆளுன்னா பேரத்த முதல்லேருந்து பேசுவேன்.”

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். நீட்டிய கை அப்படியே நிற்கிறது.

அதை மடக்குவது உங்கள் பாடு. சீக்கிரம் ஆகட்டும், அடுத்த ஞாயிற்றுக்கிழமையின் சன்னல் சீட்டுக்கு வேனுக்குள் இப்போதே சண்டை.