ஆறு விசில்

கம்பிவேலியைப் பார்த்ததும் மேப்பு நின்றுவிட்டாள். கையிலிருந்த வழித்தாளில் வேலியே கிடையாது. தண்ணீர்த் தொட்டி, அங்கிருந்து ஒற்றையடிப் பாதை, இருபது நிமிட நடை, மேட்டில் ஒரு பெரிய மரம். தார்ச்சாலை வழியாக வந்து, மரத்தடியில் பி.டி. டீச்சர் காத்திருப்பார். தாளில் அவ்வளவுதான்.

பள்ளியில் இளைஞர் விருதுக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஒரு கலை கற்க வேண்டும், ஒரு விளையாட்டில் தேற வேண்டும், பிறருக்கு உதவ வேண்டும். கடைசியாக, பெரியவர் துணையில்லாமல் ஒரு நாள் நடைப்பயணம் போய் வர வேண்டும். மேப்பும் வாயாடியும் பேக்கரிக்காரர் மகளும் மற்றதெல்லாம் முடித்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். நடைதான் பாக்கி. முன்கூட்டியே நடந்து பார்த்து வழித்தாள் எழுதும் பொறுப்பு மேப்பினுடையது. அதனால்தான் 'மேப்பு' என்ற பட்டப்பெயர்.

அவளோ நடந்து பார்க்கவே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் இதே விருது வாங்கிய அக்காவின் வழித்தாளை அலமாரியிலிருந்து எடுத்து, முத்து முத்தான எழுத்தில் ஈயடிச்சான் காப்பி அடித்திருந்தாள். கேட்டவர்களிடம், "அப்பாவோட போய்ப் பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

"என்னடி, நின்னுட்ட?" என்றாள் வாயாடி. "கால் வலியா, இல்ல வேலிக்கு வணக்கம் சொல்றியா?"

"ஒண்ணுமில்ல. இப்படித்தான் போகணும்."

வேலியில் ஒரு கிழிசல் இருந்தது. மூவரும் பையைக் கழற்றிக் குனிந்து நுழைந்தார்கள்.

"தண்ணி குடு" என்று பேக்கரிக்காரர் மகளிடம் வாயாடி கை நீட்டினாள்.

"ஒரே ஒரு மடக்குதான் இருக்கு. உயிரே போனாலும் தரமாட்டேன்."

பத்து நிமிடம் நடந்திருப்பார்கள். செடிகளின் இலையெல்லாம் வெள்ளைத் தூசி. பாதை சட்டென்று இரண்டாகப் பிரிந்தது. நடுவே தரையைக் காணோம். கிணறு போல, ஆனால் ஊரையே உள்ளே வைக்கலாம் போல ஒரு கல் பள்ளம். அடியில் இயந்திரங்கள் நின்றிருந்தன. ஓர் ஆள்கூட இல்லை. அப்போது எங்கிருந்தோ சங்கு ஒலித்தது, நீளமாக.

பேக்கரிக்காரர் மகளின் முகம் வெளுத்தது. "எங்க மாமா குவாரியிலதான் லாரி ஓட்டுறாரு. மூணு தடவை சங்கு ஊதுவாங்க. மூணாவதுக்கு அப்புறம் வெடி."

"இது முதல் சங்குதானே?" என்றாள் வாயாடி. அவள் குரலில் கிண்டல் இல்லை.

"தொட்டிகிட்ட வரும்போதே ஒண்ணு கேட்டுச்சு. மில்லு சங்குன்னு நீதான் சொன்ன."

இருவரும் ஒரே சமயத்தில் மேப்பைப் பார்த்தார்கள். "எந்தப் பக்கம் ஓடணும்? சீக்கிரம் சொல்லு. நீதான வந்து பாத்த."

அவள் கை தானாக வலப்பக்கம் உயர்ந்தது. விரல் காட்டினால் போதும், இருவரும் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவார்கள். அந்த நம்பிக்கைதான் அவளை உலுக்கியது. வெடி எந்தப் பக்கம் என்று அவளுக்கு என்ன தெரியும்? கடவுளே, என்று மனசுக்குள் சொன்னாள். கை இறங்கியது.

"நான் வந்ததே இல்ல" என்றாள். "அக்காவோட தாளைப் பாத்து எழுதினேன். எனக்கு வழி தெரியாது."

வாயாடி ஓட எடுத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வழி தவறினா இருக்கிற இடத்துலயே இருந்து ஆறு விசில்" என்றாள் பேக்கரிக்காரர் மகள். வகுப்பில் படித்த பாடம். விசில் மேப்பின் கழுத்தில்தான் தொங்கியது. வாயில் வைத்து ஊதினாள். வெறும் காற்றுதான் வந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பாட்டில் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. "இந்தா, குடி" என்றாள் பேக்கரிக்காரர் மகள். திட்டவில்லை. அந்த ஒரே மடக்கை மேப்பின் வாயில் ஊற்றினாள்.

மேப்பு ஆறு முறை ஊதினாள். ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. வாயாடி மற்ற இருவரின் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நொடிகளை எண்ணினாள். நாற்பதுக்கு அப்புறம் எண் மறந்து, மறுபடி முப்பதிலிருந்து எண்ணினாள். மீண்டும் ஆறு விசில்.

இடப்புறப் புதரை விலக்கிக்கொண்டு சிவப்புக் கொடியோடு ஒருவர் ஓடிவந்தார். கையிலிருந்த வாக்கிடாக்கியில், "நிறுத்து, நிறுத்து, உள்ள பிள்ளைங்க இருக்கு" என்று கத்தினார். பிறகு மூச்சு வாங்க, வலப்பக்கப் பாதையைக் காட்டினார். "குழி போட்டு வெடிமருந்து வச்சிருக்கறதே அங்கதான்மா. விசில் மட்டும் கேக்கலைன்னா..." கொடியைச் சுருட்டிக்கொண்டு, அவர்களை மரம் வரை கொண்டுவிட முன்னே நடந்தார்.

மரத்தடியில் டீச்சர் பதிவேடும் பேனாவுமாக நின்றிருந்தார். மேப்புக்கு இப்போதுதான் அதிகப் பயம். தன்னால் மூன்று பேர் விருதும் போகப்போகிறது. ஆனாலும் எதையும் மறைக்காமல் சொன்னாள்.

டீச்சர் பேனாவை மூடினார். "இன்னிக்கு மூணு பேருக்கும் கையெழுத்து கிடையாது. உன் எழுத்து அழகா இருந்துச்சுன்னு நான் விசாரிக்காம விட்டதும் தப்புதான். அடுத்த மாசம் மறுபடி நடங்க. நானும் முன்னாடியே நடந்து பாத்துடறேன்."

மேப்பு நிமிராமலே தோழிகளிடம் கேட்டாள். "என்னை இந்தக் குழுவுல வச்சுக்குவீங்களா?"

"வச்சுக்காம?" என்றாள் வாயாடி. "ஆனா வர்ற ஞாயித்துக்கிழமை உங்கப்பாவைக் கூட்டிட்டு வா, நிஜமாவே. நாங்களும் வர்றோம்."

பேக்கரிக்காரர் மகள் காலிப் பாட்டிலை அவள் கையில் கொடுத்தாள். "மறக்காம ரொப்பிட்டு வா."