மடித்தால் எட்டடி

முதல் தடவை அந்தச் சாலை எட்டு மணி நேரம் நாற்பது நிமிடம் மடிந்து கிடந்தது. காலை எட்டு ஐம்பதுக்கு மடிந்து மாலை ஐந்தரைக்கு விரிந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஒரு பூந்தொட்டி உடைந்தது, அதுவும் ஏற்கனவே விரிசல் விட்டிருந்த தொட்டிதான் என்று சொந்தக்காரரே ஒப்புக்கொண்டார். காரணம் தேடி யாரும் அலைய வேண்டியிருக்கவில்லை. சாலையின் தென்முனையில் இருந்த மூக்குக்கண்ணாடிப் பட்டறையில், தேய்த்து வரும் லென்ஸ்களின் பவரைச் சரிபார்க்கும் பெண் அன்றுதான் முதன்முறையாகத் தன் புது மடக்கு சைக்கிளில் வேலைக்கு வந்திருந்தாள். பட்டறைக்குள் சைக்கிள் கொண்டுவரக் கூடாது என்றும், மடக்கிவிட்டால் அது சைக்கிள் அல்ல, மூட்டை என்றும் சூப்பர்வைசர் விதி சொன்னார். வாசலில் விட்டால் சாயங்காலம் பூட்டு மட்டும்தான் மிஞ்சும். ஆகவே அவள் சீட்டை இறக்கி, ஹேண்டில்பாரைச் சாய்த்து, நடுச்சட்டத்தின் கொக்கியை விடுவித்து, முன்சக்கரத்தைப் பின்சக்கரத்தின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். டக் என்று ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது எதிரே இருந்த டயர் கிடங்கைக் காணோம். அந்த இடத்தில், எட்டடி தள்ளி, நான்கு கிலோமீட்டர் வடக்கே இருக்க வேண்டிய அவளுடைய வீடு நின்றது. பால்கனியில் மாமியார் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அவர் கொஞ்சமும் பதறவில்லை. "ஏம்மா, கேஸ் லைட்டரை எங்க வெச்ச?" என்று கேட்டார். இரண்டாவது டிராயரில் என்று அவள் சொன்னாள்.

சாலை சரியாக நடுவில் மடிந்து, வடபாதியும் தென்பாதியும் முகத்தோடு முகம் வைத்துக்கொண்டிருந்தன. எட்டடி இடைவெளி ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. அவள் மட்டும் மேசைக்கு அடியில் குனிந்து, மடக்கிய சைக்கிளின் இரண்டு சக்கரங்களுக்கு நடுவிலும் ஒரு விரல் இடைவெளி இருப்பதைப் பார்த்தாள். யாரும் கேட்காததால் சொல்லவில்லை. ஐந்தரைக்குச் சைக்கிளை வெளியே கொண்டுவந்து விரித்தாள். சாலையும் விரிந்தது, டயர் கிடங்கு திரும்பி வந்தது, அவள் ஏறி மிதித்து இருபத்திரண்டு நிமிடத்தில் வீடு போய்ச் சேர்ந்தாள். கூடத்தில் இடத்தை அடைக்கக் கூடாதென்று அங்கேயும் மடக்கினாள். படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே பட்டறையின் இரவு ஷிப்ட் வந்து நின்றது. தேய்க்கும் இயந்திரங்களின் இரைச்சலில் கணவன் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் பொறுத்தான். பிறகு அவளே எழுந்து போய் விரித்தாள். அன்றிலிருந்து வீட்டில் சைக்கிள் விரித்தபடியே கூடத்தின் நடுவில் நின்றது. தண்ணீர் குடிக்க எழுந்து போனவர்கள் எல்லோரும் பெடலில் காலை இடித்துக்கொண்டு, அவரவர் படிப்புக்கும் வயதுக்கும் ஏற்பத் திட்டினார்கள்.

மூன்றே வாரத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. பஸ்கள் நான்கு கிலோமீட்டரை எட்டடியில் கடந்தன. கட்டணம் மட்டும் குறையவில்லை. தூரம் குறைந்ததற்கு ஆதாரம் இல்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. வடமுனையில் வாடகை ஏறியது. 'பட்டறைக்கு மிக அருகில், பகலில் மட்டும்' என்று தரகர்கள் போர்டு வைத்தார்கள். அவளுடைய கணவன் வீட்டிலிருந்தபடியே ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்குப் போனில் புகார் கேட்பவன். சாலை மடிவது இயற்கைச் சீற்றத்தில் வராது, வாகன விபத்திலும் வராது, ஆனால் உங்கள் மனவருத்தத்தை நாங்கள் மதிக்கிறோம் என்று அவன் நாள் முழுக்க விளக்குவது இப்போது பட்டறையில் எல்லோருக்கும் கேட்டது. சூப்பர்வைசர் போன் செய்யும் சிரமம்கூட இல்லாமல் ஜன்னல் வழியாகவே தன் பாலிசியைப் பற்றி அவனிடம் சண்டை போட்டார். மாமியார் மத்தியானமானால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கடந்து வந்து பட்டறை ஜன்னலோரம் உட்கார்ந்தார். வீட்டில் கிடைக்காத சபை அவருக்கு அங்கே கிடைத்தது. கண்ணாடி வாங்க வந்தவர்களின் முகத்தைப் பார்த்தே அவர்களுக்கு என்ன பவர் என்று சொன்னார். ஒன்றுகூடச் சரியாக இருந்ததில்லை. நடுநடுவே மருமகளிடம், மோட்டார் போட்டாயா, பால்காரனுக்கு என்ன சொன்னாய், சின்ன மாமியாருக்கு ஏன் போன் செய்யவில்லை என்று கேட்டார். இந்தப் பக்கம் சூப்பர்வைசர் "பவர், பவர்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பட்டறையில் அவளுக்கு அதுதான் பெயர். இரு பக்கத்துக் கேள்விகளுக்கும் அவளிடம் இருந்தவை இரண்டு பதில்கள். ஒன்று 'சரி', இன்னொன்று 'பாக்கறேன்'. அதற்கு மேல் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

முனைகளில் இருந்தவர்களுக்கு லாபம் என்றால், நடுவில் இருந்தவர்கள் பாடு திண்டாட்டம். பகல் முழுவதும் அங்கே மூடிய புத்தகத்துக்குள் இருப்பதுபோல் மங்கலாக இருந்தது. உலரப் போட்ட துணி மறுநாள்தான் உலர்ந்தது. எங்கோ இருந்தவர்கள் எல்லாம் எதிர்வீட்டுக்காரர்கள் ஆனார்கள். விவாகரத்து வாங்கி, இனி முகத்திலேயே விழிக்கக் கூடாதென்று சாலையின் வடபாதிக்கு ஒருவரும் தென்பாதிக்கு ஒருவருமாகக் குடிபோயிருந்த ஒரு தம்பதி, எட்டடியில் ஒருவர் சமையலறையை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான்காம் மாதம் மறுபடி கல்யாணம் செய்துகொண்டு ஏழாம் மாதம் மறுபடி விவாகரத்து வாங்கினார்கள். மடிப்பின் அடியில் ஒரு பஞ்சர் கடை இருந்தது. அங்கே பகலில் ஒரு வண்டி வராது. உருளக்கூடியவை மட்டும் இரண்டு பக்கத்திலிருந்தும் உருண்டு வந்து வாசலில் சேர்ந்தன. பந்துகள், தக்காளிகள், ஒரு கேஸ் சிலிண்டர், ஒரு முறை ஹேண்ட்பிரேக் போடாத காரும் அதற்குள் தூங்கிக்கொண்டிருந்த டிரைவரும். காரின் நான்கு டயரிலும் காற்று சரியாக இருந்ததுதான் பஞ்சர் கடைக்காரருக்கு ஆற்றாமை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பொழுதுபோக்காகவும் ஓட்டிப் பார்த்தாள். வேறு சாலையில் ஏழு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஏரியும் அதன் கரையில் பூங்காவும் இருந்தன. பூங்காக் காவலாளியும் மடக்கினால்தான் உள்ளே விடுவேன் என்றார். மடக்கினாள். பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, தண்ணீரைப் பார்க்கத் தொடங்கியபோது பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அது அவள் வீட்டுப் பின்கதவு. மாமியார் ஒரு பக்கெட் நிறையப் போர்வைகளோடு இறங்கி வந்தார். வீட்டில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருகிறது, நல்ல நேரத்தில் ஏரியைக் கொண்டுவந்தாய் என்று பாராட்டினார். கணவனும் போனோடு வந்து, படகில் போகிறவர்களிடம் நீச்சல் தெரியாதவர்களுக்கான திட்டம் ஒன்றைப் பற்றிச் சொன்னான். அடுத்த வாரத்திலிருந்து அவள் எங்கும் இறங்குவதில்லை. ஏரியை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, கால் தரையில் படாமல் வீடு திரும்பினாள். சின்னச் சக்கரங்கள் என்பதால் நிறைய மிதிக்க வேண்டியிருந்தது. அவளுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

இப்படி மூன்று வருடம் போனது. அதற்குள் சாலை மடிவதைப் பற்றிப் பேசுவது பவர்கட்டைப் பற்றிப் பேசுவதுபோல் ஆகிவிட்டது. பேச்சுக்கு மிஞ்சியது ஒரே விஷயம்தான். வீடு எட்டடியில் இருக்கும்போது, மாலையில் இவள் எதற்குச் சைக்கிளை விரித்து, வீட்டை நான்கு கிலோமீட்டர் துரத்திவிட்டு, பிறகு அதைத் தேடிக்கொண்டு மிதிக்கிறாள்? சைக்கிளை மடக்கியபடியே கையில் தூக்கிக்கொண்டு கடந்தால் முடிந்தது. உடம்பு இளைக்க என்றார் சூப்பர்வைசர். உடற்பயிற்சி செய்கிறவர்களுக்குப் பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு, அதற்காக இருக்கும் என்று கணவன் பெருமைப்பட்டான். நடுவில் யாரோ இருக்கிறார்கள் என்றார் சின்ன மாமியார், போனில். அதைக் கேட்ட மாமியார் மடிப்புக்குள் இறங்கிப் போய் இரண்டு நாள் பஞ்சர் கடைக்காரரை உற்றுப் பார்த்துவிட்டு, அப்படி இருக்க வாய்ப்பே இல்லை என்று திரும்பி வந்தார். நடுவில் இருந்தவர்களோ, தங்கள் மேல் இரக்கப்பட்டுத்தான் அவள் விரிக்கிறாள் என்று நம்பி, அவள் போகும்போதெல்லாம் கையசைத்தார்கள். அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அது வீட்டின் மேல் புகார் ஆகிவிடும். வீட்டின் மேல் அவளுக்குப் புகார் இல்லை.

நான்காம் வருடத் தொடக்கத்தில் இரு முனைக்காரர்களும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். சாலை நிரந்தரமாக மடிந்தே இருக்கட்டும். சைக்கிளின் கொக்கியை வெல்டிங் செய்துவிடலாம். இரவு ஷிப்ட் சத்தத்துக்குப் பட்டறை வீட்டுக்கு வீடு பஞ்சு கொடுக்கும். சைக்கிளுக்குப் பதிலாக அவளுக்கு ஒரு கைக்கடிகாரம். சூப்பர்வைசர் இதை அவளிடம் சொன்ன அன்று, மூன்று வருடத்தில் ஒரு தவறும் செய்யாதவள் பன்னிரண்டு லென்ஸ்களைத் தப்பாகப் பாஸ் செய்தாள். பன்னிரண்டு பேர் படிக்கட்டில் கால் தவறினார்கள். அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை அவள் கணவனே போனில் விளக்க வேண்டி வந்தது.

கூட்டம் மாலை ஐந்து மணிக்கு, வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவிலிருந்த எட்டடியிலும் அதன் இரு பக்கத்திலும் நடந்தது. வீட்டுப் பக்கம் வார்டு உறுப்பினரும் கணவனும் இருந்தார்கள். மாமியார் எல்லாம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று இந்தப் பக்கம் வந்து முன்வரிசையில் நாற்காலி போட்டுக்கொண்டார். பட்டறை மின்சாரம் தர மறுத்ததால் வெல்டிங்காரர் அவள் வீட்டு பிளக்கில் செருகி, எட்டடிக்கு வயரை இழுத்துவந்து சைக்கிளுக்கு முன்னால் குந்தினார். நடுவில் இருந்தவர்களும் மடிப்பிலிருந்து ஏறி வந்து, வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கியபடி நின்றார்கள்.

"எல்லாரோட நல்லதுக்கும்தானேம்மா. ரெண்டே ரெண்டு பொட்டு, கொக்கியில. வலிக்கவா போகுது?" என்றார் வார்டு உறுப்பினர்.

பஞ்சர் கடைக்காரர் முன்னால் வந்தார். "எங்களுக்காகத்தான் இந்தப் பொண்ணு தினமும் இப்படி மிதிக்குது. அந்த மனசு இங்க யாருக்காவது இருக்கா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு அவர் கண்ணைத் துடைத்தார். வெல்டிங்காரருக்குப் பேச்சு முடியும்வரை பொறுமை இல்லை; இன்னொரு வீட்டில் கேட் காத்திருந்தது. முகமூடியை இறக்கிவிட்டு, "ஆடாமப் புடிச்சுக்கம்மா" என்று அவளிடமே சொன்னார். அவள் குனிந்து சட்டத்தைப் பிடித்தாள். அவளுடைய கட்டைவிரல் தினமும் ஐந்தரைக்குப் போகும் இடத்துக்குப் போனது. முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட்டு விலகித் திரும்பியது.

வீடு போனது. வார்டு உறுப்பினர் தூக்கிய கையோடு போனார். கணவன் போனைக் காதில் வைத்தபடி போனான். வயர் வடக்கு நோக்கி நீண்டுகொண்டே போய், கண்ணுக்கெட்டாத தூரத்தில் எங்கோ அலுத்துப்போய் அறுந்தது. "கரண்ட் போச்சு" என்றார் வெல்டிங்காரர், முகமூடிக்குள்ளிருந்து. நடுவில் இருந்தவர்கள் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டுமே என்று முணுமுணுத்துக்கொண்டு, வெயிலில் கையை நீட்டிப் பார்த்தபடி கிளம்பினார்கள். சூப்பர்வைசர் வார்டு உறுப்பினருக்குப் போன் செய்ய உள்ளே ஓடினார். வெல்டிங்காரரும் மூட்டை கட்டினார். டயர் கிடங்கின் எதிரே, பிளாஸ்டிக் நாற்காலியில், வீட்டுச் செருப்போடு மாமியார் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

அவர் நாற்காலியை மருமகள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "எட்டடியில வீடு இருந்துச்சு. அதை விட்டுட்டு எதுக்கும்மா இப்படி அலையற? யார் இருக்கா நடுவுல? சொல்லு, நான் திட்ட மாட்டேன்."

"யாரும் இல்ல அத்தை. அதான் விஷயம்" என்றாள் அவள். ஹேண்டில்பாரை நிமிர்த்தினாள், சீட்டை ஏற்றினாள், பிறகுதான் மீதி வந்தது. "வீட்ல எல்லாரும் என்கிட்ட ஏதாவது கேட்டுக்கிட்டே இருக்கீங்க. இங்கயும் கேக்கறாங்க. தப்பில்ல, கேக்கத்தான் செய்வீங்க. நடுவுல அந்த இருபத்திரண்டு நிமிஷம் யாரும் எதுவும் கேக்கறதில்ல. அதுக்குத்தான் இதை வாங்கினேன். வேலைக்கு வர்றதுக்கு இல்ல."

மாமியார் சாலையைப் பார்த்தார். முழு நீளத்துக்கும் அதைப் பார்த்து அவருக்கு வெகுகாலம் ஆகியிருந்தது. இரு பக்கமும் மரங்கள் இருந்தன, சாயங்கால வெளிச்சம் இருந்தது, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. மருமகள் பின்னாலிருந்த கேரியரைத் துடைத்து, "உக்காருங்க அத்தை, மெதுவாக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"வேணாம், நீ போ" என்றார் அவர். நாற்காலியைப் பட்டறைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டு, செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டார். "நான் நடந்தே வர்றேன். நான் வந்து சேர்ற வரைக்கும் மட்டும் மடக்கிடாதே."