இடது பக்கப் பெட்டி

பள்ளி அரங்கத்தின் பக்கவாசல் வழியாக அவள் நுழைந்தபோது குழந்தைகள் பாட ஆரம்பித்திருந்தார்கள். தன் மகளுக்குக் காய்ச்சல் என்று அவள் காலையில் மருத்துவரிடம் போயிருந்ததால், ஸ்பீக்கர்களை மேலே ஏற்றும் வேலையைத் தம்பியே முடித்திருந்தான். இருவரும் சேர்ந்து நடத்தும் சவுண்ட் சர்வீஸ். ஏற்றுவதும் கட்டுவதும் எப்போதும் அக்கா, ஒலி அளவைப் பார்ப்பது தம்பி. ஒரு நட்டைப் பத்துத் தடவை தொட்டுப் பார்ப்பாள் என்பதால் தொழிலில் அவளுக்கு நட்டக்கா என்று பெயர். நட்டு கழன்ற அக்கா என்றும் சிலர் சொல்வதுண்டு. அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

எந்த அரங்கத்துக்குள் போனாலும் மேடையைப் பார்க்குமுன் கூரையைத்தான் பார்ப்பாள். வலது பக்கம் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள், ஒன்றின்கீழ் ஒன்றாக, உத்தரத்திலிருந்து ஒழுங்காகத் தொங்கின. இடது பக்கமும் இரண்டு. ஆனால் அவை தேவைக்கு மேல் குனிந்திருந்தன. டிரம் அடி விழும்போதெல்லாம் லேசாக ஆடின. உத்தரத்திலிருந்து வந்து பெட்டியோடு மாட்டியிருக்க வேண்டிய பாதுகாப்புக் கம்பிவடம் எதிலும் மாட்டாமல் அந்தரத்தில் தொங்கியது.

நேர் கீழே, முன்வரிசைகளில், பெற்றோர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஓடினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஓடாமல், ஆனால் நடையை எட்டிப்போட்டு, தம்பியின் மேஜைக்குப் போனாள்.

“இடது பக்கம் கடைசியா எப்ப மேல போனே?”

“கதவைத் திறக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. சத்தம் முன்வரிசையைத் தாண்டிப் போகுதுன்னு தலைமையாசிரியை சொன்னாங்க. வடத்தையும் பின்வளையத்தையும் கழட்டிக் கொஞ்சம் கீழே சாய்ச்சு வெச்சேன். ஏன்க்கா?”

“வடத்தைத் திரும்ப மாட்டினியா?”

“மாட்டினேனே.”

“நிமிந்து பாரு.”

பார்த்தான்.

“இடது பக்கத்தை நிறுத்து. டிரம் மைக்கையும் மூடிடு. ஆட்டம் குறையும்,” என்று சொல்லிவிட்டு இடுப்பு பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டே மேடையோரம் போனாள். தலைமையாசிரியை அங்கே மைக்கோடு நின்றிருந்தார்.

“மேடம், இடது பக்கம் முன்னாடி இருக்கறவங்களை எல்லாம் எழுப்பணும். இப்பவே. மேல இருக்கற பெட்டி நிக்குமான்னு தெரியல.”

தலைமையாசிரியை மேலே பார்க்கவில்லை. தான் பார்த்தால் கூட்டமும் பார்க்கும் என்று அவருக்குத் தெரியும்.

“எழுந்திருங்கன்னா ஏன் எதுக்குன்னு கேப்பாங்க. காரணத்தைச் சொன்னா அடிச்சுப் பிடிச்சு ஓடுவாங்க. நான் பாத்துக்கறேன், நீங்க மேல போங்க.”

அவள் சுவரோரத்து இரும்பு ஏணியில் பாதி ஏறியிருந்தபோது மைக்கில் குரல் கேட்டது.

“இடது பக்கம் இருக்கற பெற்றோர் மட்டும் மேடைக்கு முன்னாடி நடுவுல வந்து போட்டோ எடுத்துக்கலாம். அடுத்த பாட்டுக்கு வலது பக்கம்.”

நாற்காலிகள் தடதடவென்று இழுபட்டன. ‘எழுந்திருங்கள்’ என்று கெஞ்சியிருந்தாலும் அந்த வேகம் வந்திருக்காது.

கூரையடி நடைபாதையில் பெல்ட்டின் கொக்கியை மாட்டிவிட்டுக் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். பெட்டிகளின் சட்டம் முன்னும் பின்னுமாக இரண்டு வளையங்களில் தொங்கியது. பின்வளையத்தின் இரு முனைகளையும் கோத்துப் பூட்டும் திருகாணி மரையை விட்டுக் கழன்று, ஒரு முனைத் துளையில் மட்டும் சாய்வாகச் செருகி நின்றது. ஆணி திரும்பாமலிருக்கச் சுற்றிக் கட்டும் கம்பியைக் காணோம். கம்பிவடத்தின் கொக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள்.

ஒரே ஒரு பெரியவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். காலில் மாவுக்கட்டு. தம்பி அவர் அருகில் குனிந்திருந்தான்.

“எனக்குப் போட்டோ வேணாம்ப்பா. பேத்தி இங்கேருந்தே நல்லாத் தெரியறா,” என்றார் அவர்.

தம்பி, டிரம் அடித்துக்கொண்டிருந்த வாத்தியாரைக் கைகாட்டிக் கூப்பிட்டான். பெட்டிக்கு நேர் கீழே அவனுடைய உச்சந்தலை தெரிந்தது. இப்போது சட்டத்தைத் தொட்டால் ஆணி நழுவலாம். தொடாவிட்டாலும் நழுவலாம். அவள் கை அப்படியே நின்றது. இருவரும் பெரியவரை நாற்காலியோடு தூக்கினார்கள். அவர் திட்டிக்கொண்டே போனார்.

அவர்கள் நடுப்பாதையை எட்டியதும் ஆணி உருவிக்கொண்டது.

படாரென்று சத்தம். பெட்டிகளின் பின்பக்கம் சரிந்து, மொத்தமும் முன்வளையத்தில் மட்டும் தொங்கி ஊஞ்சல்போல் ஆடியது. கீழே கூட்டம் ஒரே குரலாக ‘ஹோ’ என்றது. பாட்டு நின்றது.

சட்டம் அவள் பக்கம் ஆடி வந்தபோது கொக்கியை வீசினாள். பிடிபடவில்லை. போய்த் திரும்பி வந்தது. இந்தத் தடவை இடது கையால் சட்டத்தைப் பிடித்து, தோள் கழன்றுவிடும்போல் இழுபட்டுக்கொண்டே, வலது கையால் மாட்டினாள். டக்கென்று பூட்டு விழுந்த சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது.

“நிறுத்தாதீங்க குழந்தைங்களா, விட்ட இடத்துலேருந்து,” என்றார் தலைமையாசிரியை. ஒரு சின்னக் குரல் தொடங்கியது, மற்றவை சேர்ந்துகொண்டன. தம்பி மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்தான். இருவரும் உத்தரத்தில் கையால் இழுக்கும் தூக்குச் சங்கிலியை மாட்டிப் பெட்டிகளின் பாரத்தை அதில் ஏற்றினார்கள்.

நிகழ்ச்சி வலது பக்கத்து ஒலியிலேயே முடிந்தது. காலி வரிசைகளில் பிறகு யாரையும் உட்கார விடவில்லை. கூட்டம் கலைந்ததும் பெட்டிகளைத் தரையில் இறக்கினார்கள். தலைமையாசிரியை வந்து ஒன்றைத் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வேனில் ஏறியதும் தம்பி சொன்னான்.

“கம்பி கட்டினது, வடத்தை மாட்டினது எல்லாம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்குக்கா. பொய் சொல்லல. இப்பவும் கண்ணு முன்னாடி நிக்குது.”

வாய்வரை வந்த வசவை அவள் விழுங்கினாள். அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“இனிமே நீ கட்டினா நான் ஏறிப் பாப்பேன். நான் கட்டினா நீ. ரெண்டு பேரும் பாக்காம கதவு திறக்கக் கூடாது.”

“நீ வர முடியாத அன்னைக்கு?”

“அன்னைக்குப் பெட்டி மேல போகாது. தரையிலேயே நிக்கட்டும்.”

அவன் சாவியைச் செருகப் பார்த்தான். இரண்டு தடவை துளை தப்பியது. அவள் இறங்கிச் சுற்றிவந்து, அவனைத் தள்ளி உட்காரச் சொல்லி, வண்டியை எடுத்தாள்.