இணைச்சீர் பிடித்த கை

சூரமங்கலத்து டாக்டர் சாரதாமணிக்குத் தன் மேல் இருந்த நம்பிக்கையில் பாதியை ஊருக்குப் பங்கு போட்டாலும் மீதி தாராளமாக இருக்கும். புதுச்சத்திரத்திலிருந்து மகளை அழைத்து வந்த சென்னிமலையிடம் பத்தே நிமிடத்தில் சொல்லிவிட்டாள்.

"கை நல்லாத்தான் இருக்குதுங்க. மனசுலதான் என்னமோ கெடக்குது."

மகள் சௌந்திரத்துக்கு வலது கை ஒரு மாதமாகச் செத்துக் கிடந்தது. மந்திரித்தாயிற்று, எண்ணெய் போட்டு நீவியாயிற்று. சாரதாமணி ஊசியால் குத்திப் பார்த்தாள். வளையல் கிடக்கும் இடம் வரை வலித்தது, அதற்குக் கீழே ஒன்றுமில்லை. நரம்புக் கோளாறென்றால் மரப்பு இப்படி வளையல் கோட்டில் வெட்டினாற்போல் நிற்காது. நரம்புக்கு வளையல் கணக்குத் தெரியாது, மனத்துக்குத்தான் தெரியும். வியன்னாவில் ஒரு வைத்தியர் இப்படிப்பட்டவர்களைப் பேச வைத்தே குணப்படுத்தப் பார்த்ததைச் சென்னையில் படிக்கும்போதே அவள் கரைத்துக் குடித்திருந்தாள்.

சென்னிமலைக்கு வேண்டியது ஒன்றுதான். அன்றிலிருந்து பன்னிரண்டாம் நாள் மகன் குழந்தைவேலுக்கு இரண்டாம் கல்யாணம். தாலிக்கு முன்னால் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவன் பக்கத்தில் நின்று கூறைப்புடவையின் ஒரு முனையைப் பிடிக்க வேண்டும். அதுதான் இணைச்சீர்.

"கூடப் பொறந்தவ இருக்கறப்பப் பங்காளி மகள நிறுத்துனா எனக்குத் தலைகுனிவுங்க."

"முகூர்த்தத்துக்குள்ள கை வந்துரும். நான் பொறுப்பு."

சௌந்திரத்தை உறவுக்காரர் வீட்டில் விட்டுவிட்டு அவர் ஊருக்குப் போனார். சாரதாமணி வியன்னா முறைப்படி அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, தலைமாட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். சௌந்திரம் விருட்டென்று எழுந்துவிட்டாள்.

"ஏனுங்க டாக்டரம்மா, நான் இன்னும் சாகலீங்க."

பிணத்தின் தலைமாட்டில்தான் அப்படி உட்காருவார்கள். இந்த விஷயம் அந்த வைத்தியருக்குத் தெரியாது, சரி. இந்த ஊரிலேயே பிறந்த சாரதாமணிக்குத் தெரிய வேண்டாமா? அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

மறுநாள் கட்டில் மூலைக்குப் போயிற்று. நடுவில் ஒரு முறம் விதைக்கடலையை வைத்து, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து உரித்தார்கள். சௌந்திரம் இடது கையால் தரையில் அழுத்தி உடைத்தாள். மழை வந்தது, மாடு வந்தது, மாமியார் வந்தாள், பேச்சில்தான். ஐந்தாம் நாள் பாவாயி வந்தாள்.

பாவாயி குழந்தைவேலின் முதல் மனைவி. ஏழு வருஷமாகப் பிள்ளையில்லை என்று போன மாதம்தான் அவளை வாழப்பாடியில் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள்.

"அவளுக்கும் நாந்தாங்க இணைச்சீர் பண்ணுனேன். வண்டியேறப் போறப்ப என்ற இந்தச் சோத்துக் கையப் புடிச்சுக்கிட்டா. 'நீ சொன்னாக் கேப்பாங்க அம்மிணி, ஒரு வார்த்த சொல்லு'ன்னா."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணுஞ் சொல்லுலீங்க. கைய உருவிக்கிட்டேன்."

சொல்லிவிட்டு வெகுநேரம் அழுதாள். கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டபோது, துடைத்தது வலது கை. அவளே அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாரதாமணிக்கு எழுந்து ஆடலாம் போலிருந்தது. டாக்டர் என்பதால் ஆடவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு சென்னிமலை ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"கை வந்துருச்சாமே. பொறப்படு சாமி."

சௌந்திரம் வலது கையை நீட்டி, விரல்களை மடக்கி விரித்துக் காட்டினாள்.

"வந்துருச்சுங்கப்பா. ஆனா அந்தச் சீலையப் புடிக்க மாட்டேன். மொதல்ல புடிச்சதுக்கே நான் இன்னும் பதில் சொல்லுல."

அவர் மகளை விட்டுவிட்டு டாக்டர் பக்கம் திரும்பினார்.

"கையச் சரி பண்ணச் சொன்னா, புள்ளையவே மாத்திப்புட்டீங்களே."

"நான் எதையும் மாத்துலீங்க. ஒரு மாசமாக் கை சொன்னத இப்ப வாய் சொல்லுது," என்றாள் சாரதாமணி. முகூர்த்தத்துக்குள் கை வந்துவிடும் என்றுதான் அவள் பொறுப்பேற்றிருந்தாள், வந்துவிட்டது.

சௌந்திரம் சாலைக்கு நடந்தாள். வாழப்பாடி பஸ் எது என்று விசாரித்து, கம்பியை வலது கையால் பிடித்து ஏறினாள்.