மழைக்கு நீளும் இழை

அறிவியல் கண்காட்சி நெருங்கினால் காயத்ரியின் ஜெராக்ஸ் கடையில் நிற்க இடமிருக்காது. "சயின்ஸ் ப்ராஜெக்ட் ஐடியா, மாடல், சார்ட் கிடைக்கும்" என்று அவளே எழுதி ஒட்டிய தாளைப் பார்த்துவிட்டு அம்மாக்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வருவார்கள்.

"எரிமலை வேணாம் மேடம். இவ கிளாஸ்ல நாலு பேரு அதையே தூக்கினு வராங்களாம். வேற எதனா குடுங்க."

வேறு எதையாவது கொடுப்பாள். தெர்மாக்கோல் சிறுநீரகம், சிரிஞ்சில் ஓடும் ஜேசிபி, பல்ப் எரியும் காற்றாலை. பிள்ளைகள் மனப்பாடம் செய்ய ஒரு பக்கம் எழுதியும் கொடுப்பாள். எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவள் அவள். தனியார் பள்ளி ஒன்றில் நான்கு வருடம் பாடம் நடத்தினாள். கொரோனா சமயத்தில் ஆள் குறைத்தபோது முதல் பட்டியலிலேயே அவள் பெயர் இருந்தது. அப்போது பிடித்த கடை இது. சாக்பீஸ் பிடித்த கையால் ஆதார் கார்டுகளை நகல் எடுப்பதை அவளால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி செருப்பு டப்பாவோடு வந்தாள். பெயர் பொன்னி. பக்கத்து ஊரான ஓரிக்கையில் அரசுப் பள்ளி.

"மாடல் வேணாம் மேடம். நானே ஒண்ணு செஞ்சிருக்கேன். அதுக்கு அளவு போடத் தெரியல."

அவளுடைய அம்மா ஜெயம்மாள் தறி வீடுகளுக்குப் பாவு பிணைக்கப் போகிறவள். தறியில் நெய்து முடிந்துபோன பாவின், அதாவது நீளவாட்டில் ஓடும் இழைகளின், நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகத் திரித்து இணைக்கும் வேலை. அங்கே மிஞ்சும் பட்டு இழைகளைப் பொன்னி வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறாள்.

"ஒரு இழைய ஆணியில கட்டி, கீழ சாவிய தொங்கவுட்டேன் மேடம். மழை வர்ற மாதிரி இருந்தா சாவி எறங்குது. வெயில் அடிச்சா ஏறுது. கொஞ்சூண்டுதான். கண்ணுக்குத் தெரியணும்னு தொடப்பக்குச்சிய முள்ளு மாதிரி வெச்சேன்."

"எல்லா நூலும் அப்படி ஆகுதா?"

"இல்ல மேடம். முறுக்கின நூலு சரியா வரல, சிலது உல்டாவா சுருங்குது. முறுக்காத ஒத்தை இழைதான் கரெக்டா காட்டுது. எழுதி வெச்சிருக்கேன்."

நோட்டைப் பிரித்தாள். நாற்பத்தொரு நாள், காலையும் மாலையும், முள் நின்ற இடம். ஒரு நாளுக்கு எதிரே மட்டும் "காய்ச்சல், பார்க்கவில்லை" என்று இருந்தது. அந்த வரியைக் காயத்ரி இரண்டு முறை படித்தாள்.

"உங்க சயின்ஸ் மிஸ் பார்த்தாங்களா?"

"மிஸ் மாத்தலாகி போயிட்டாங்க. புதுசா யாரும் வரல மேடம்."

அன்று கடைக்கு வந்தவர்களை அரை மணி நேரம் காக்க வைத்தாள் காயத்ரி. உப்பைத் தண்ணீரில் குழைத்து மூடிய டப்பாவுக்குள் வைத்தால் உள்ளே ஈரப்பதம் எழுபத்தைந்து சதவீதத்தில் நிற்கும், அங்கே முள் காட்டும் இடத்தைக் குறித்துக்கொள் என்று சொல்லிக் கொடுத்தாள். அடுத்த வாரம் பொன்னி குறித்துக்கொண்டு வந்தாள். அட்டையில் அளவுக்கோடுகள் போட்டார்கள். பல வருடங்களுக்குப் பிறகு காயத்ரிக்குத் தான் ஒரு டீச்சர் என்று தோன்றியது.

நவம்பர் முதல் வாரம் உதயகுமார் வந்தான். பழைய பள்ளியில் அவளோடு வேலை பார்த்தவன், இப்போது அங்கே துறைத்தலைவர்.

"மேடம், கரஸ்பாண்டென்ட் பொண்ணு அகிலா டிஸ்ட்ரிக்ட் லெவலுக்குப் போறா. யாருமே செய்யாத ஐடியாவா வேணும். லோக்கல் டச் இருந்தா ஜட்ஜஸுக்குப் பிடிக்கும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான்: "ஜூன்ல பிசிக்ஸ் போஸ்ட் ஒண்ணு காலியாகுது. உங்க பேர நான் சொல்லியிருக்கேன்."

காயத்ரி ஒரு நாள் யோசித்தாள். பொன்னியும் அதே மாவட்டக் கண்காட்சிக்குத்தான் போகிறாள். ஆனால் போன வருடம் அரசுப் பள்ளிகளுக்குத் தனிக் கூடம், தனி நடுவர்கள். இரண்டு பெண்களும் சந்திக்கப் போவதில்லை. பொன்னிக்கு அவள் பிரிவில் பரிசு கிடைத்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. இப்படித் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மறுநாள் அக்ரிலிக் பெட்டி வாங்கி வந்து வேலையைத் தொடங்கினாள். இழை, முள், அளவு எல்லாம் அதேதான். ஈரம் ஏறினால் சிவப்பு விளக்கு எரியும்படி மட்டும் கூடுதலாக ஒரு ஏற்பாடு. முறுக்காத இழை ஏன் என்பதையும் அகிலாவுக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள்.

கண்காட்சி அன்று விடியலிலிருந்து மழை. அரசுப் பள்ளிகளுக்கு ஒதுக்கிய கூடம் ஒழுகியதால் எல்லா மேசைகளையும் ஒரே கூடத்தில் போட்டார்கள், எல்லோருக்கும் ஒரே நடுவர். அகிலாவின் பெட்டியில் வயர் ஒன்று விட்டுப்போனது என்று உதயகுமார் போன் செய்ய, காயத்ரி ஓடிவந்து சரிசெய்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது நான்காவது மேசையில் செருப்பு டப்பா தெரிந்தது.

அவர் ஒரு வயதான பேராசிரியர். அகிலா தடுமாறாமல் ஒப்பித்தாள், சிவப்பு விளக்கு எரிந்தது, அவர் தலையாட்டிக்கொண்டே நகர்ந்தார். பொன்னியின் மேசைக்கு வந்ததும் முகம் மாறியது.

"இதத்தானேம்மா இப்ப அங்க பார்த்தேன். பார்த்துச் செஞ்சியா?"

"இல்ல சார், இது என்னோடது. நோட்டு பாருங்க சார்."

"நோட்டு யார் வேணா எழுதலாம்மா."

பொன்னி எட்டிப் பார்த்தாள். அக்ரிலிக் பெட்டி கண்ணில் பட்டது, அதன் பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரோடு நின்ற காயத்ரியும். ஒரு நிமிஷம் அவளுக்கு எதுவும் புரியவில்லை. பிறகு முகம் தெளிந்தது. தெரிந்தவர் ஒருவர் இருக்கிறாரே.

"மேடம்! நீங்க சொல்லுங்க மேடம். உங்களுக்குத் தெரியுமே!"

கூடமே திரும்பிப் பார்த்தது. உதயகுமார் காயத்ரியைப் பார்த்தான். அகிலா தரையைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் என் கடைக்கு வந்தவங்கதான் சார்," என்றாள் காயத்ரி. தன் குரல் இவ்வளவு நிதானமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. "இது காமனான ஐடியா. நெட்லயே இருக்குது."

"அதானே பார்த்தேன்," என்ற நடுவர் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.

பொன்னி அழவில்லை. நோட்டை மூடி டப்பாவுக்குள் வைத்தாள். மாலையில் பரிசு அறிவிக்கும்போது அவள் மேசை காலியாக இருந்தது. முதல் பரிசு அகிலாவுக்கு.

ஒரு வாரம் கழித்துக் காயத்ரி ஓரிக்கைக்குப் போனாள். என்ன சொல்வது என்று பஸ்ஸில் வழி முழுக்க யோசித்தும் ஒரு வாக்கியம்கூடக் கிடைக்கவில்லை. ஜெயம்மாள் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாம்மா, உள்ள வா. எம்பொண்ணுக்கு நீதான் சொல்லிக் குடுத்தியாமே. வேலைக்குப் போற வூட்ல எல்லாம் உன்னப் பத்திதான் சொல்லிக்கினு இருக்கேன். பிரைஸ் வராட்டி போவுது. நாலு எழுத்து சொல்லிக் குடுக்க யாரு வராங்க இந்தக் காலத்துல?"

காயத்ரி பொன்னியைப் பார்த்தாள். பொன்னி சுவரோரம் நின்றிருந்தாள். அம்மா டீ போட உள்ளே போனதும் காயத்ரி மெல்ல ஆரம்பித்தாள். "பொன்னி, நான் அன்னிக்கு..."

"அம்மாகிட்ட நான் எதுவும் சொல்லல மேடம்," என்றாள் பொன்னி. "சொன்னா, ஊரெல்லாம் உங்கள பெருமையா பேசினதுக்கு அவங்கதான் அவமானப்படுவாங்க. டீ குடிச்சிட்டுப் போங்க. இன்னொரு தடவ வராதீங்க."

டீ வந்தது. ஜெயம்மாள் பேசிக்கொண்டே இருந்தாள். காயத்ரி சூட்டோடு குடித்துவிட்டு எழுந்தாள். நாக்கு வெந்துபோனது.

ஜூனில் வேலை கிடைத்தது. சேர்ந்த முதல் வாரமே உதயகுமார் ஸ்டாஃப் ரூமில் அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"இந்த வருஷம் நாலு டீம் அனுப்பணுமாம் மேடம், கரஸ்பாண்டென்ட் சொல்லிட்டார். கடைய மூடிடாதீங்க. உங்க தங்கச்சிய அங்க உக்கார வைங்க. கவர்மென்ட் ஸ்கூல் பசங்க ஐடியாவோட வருவாங்க இல்ல?"

சொன்னது சரிதானே என்பதுபோல் அவன் சிரித்தான். காயத்ரி எழுந்து போயிருக்கலாம். மூட மாட்டேன் சார் என்றாள்.