டக்ளஸின் பத்து விரல்கள்

டக்ளஸ் கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் கைரேகை மெஷினின் கண்ணாடி மேல் வைத்தார். மெஷின் மறுபடியும் சிவப்பு விளக்கைக் காட்டியது.

“சாரி மேடம்,” என்றார், ஆதார் சென்டர் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த பவ்யாவிடம். அவளுக்குப் பேத்தி வயது.

பக்கத்தில் நின்ற ஐடாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெஷின் மேல் வந்த கோபத்தைவிட, கட்டிய புருஷன் சொன்ன அந்த ‘சாரி’ மேல் வந்த கோபம் பெரிது. இளம் வயதில் தங்கச் சுரங்க ஷாஃப்ட்டுக்குள் இறங்கி டிரில் பிடித்த கை அது. சுரங்கத்தை மூடிய பிறகு, விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் கிரானைட் கல்லுக்குப் பாலிஷ் போட்ட கை. அதில் ரேகை எங்கே மிஞ்சும்?

ஆதாரைப் புதுப்பித்தால்தான் நின்றுபோன முதியோர் பென்ஷன் திரும்ப வரும் என்று சொல்லியிருந்தார்கள். மாரிகுப்பத்திலிருந்து இதற்காகவே அலைந்தாகிவிட்டது. முதலில் வந்தபோது, கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். ஐடா அதையும் நம்பி, தினமும் அவர் கையை வெந்நீரில் ஊறவைத்துத் தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டாள். அடுத்த முறை, எண்ணெய்ப் பிசுக்கால்தான் விழவில்லை, கழுவிக்கொண்டு வாருங்கள் என்றார்கள்.

“பத்து வெரலும் வரல தாத்தா,” என்றாள் பவ்யா. “டாக்டர் சர்ட்டிஃபிகேட் வாங்கினு அடுத்த வாரம் வாங்க. உங்க ஊரு எது, தமிழ்நாடா? அங்கயே போயி பண்ணிக்கலாமே, ஈஸியா ஆவும்.”

“இவரு பொறந்தது இங்கதான், மாரிகுப்பத்துல,” என்றாள் ஐடா. “இவங்கப்பா பொறந்ததும் அங்கதான். எந்த ஊருக்குப் போவச் சொல்ற?”

டக்ளஸ் அவள் முந்தானையை இழுத்தார். “வுடு ஐடா. வா, போலாம்.”

“நீங்க இன்னா தப்பு பண்ணீங்க? எதுக்கு அந்தப் பொண்ணுகிட்ட சாரி கேக்கறீங்க?”

ஐடா நாற்காலியை இழுத்துப் போட்டுக் கவுன்ட்டருக்கு நேரே உட்கார்ந்தாள்.

“இவருக்கு வெரல்ல ரேகை இல்ல, அதனால திருப்பி அனுப்பறோம்னு எழுதி, சீல் போட்டுக் குடு. வாங்கினு போறேன்.”

“அப்டில்லாம் எழுதித் தர முடியாதும்மா.”

“அப்ப நானும் எழுந்திருக்க முடியாது.”

வரிசையில் ஒருவர் நேரமாகிறது என்று முணுமுணுத்தார். இன்னொருவர், “நீங்க உக்காருங்கக்கா,” என்றார். சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து அதிகாரி மனோகர் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பவ்யாவைப் பார்த்தார்.

“வெரல் வரலன்னா கண்ண ஸ்கேன் எடுக்கலாமே. ஏன் எடுக்கல?”

“அது அலமாரியில கீது சார். யாரும் கேக்கல.”

அவரே போய் அலமாரியைத் திறந்தார். கண் பார்க்கும் மெஷின் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காமல் கிடந்தது. டக்ளஸின் ஒரு கண்ணில் புரை. இன்னொரு கண்ணை மெஷின் உடனே எடுத்துக்கொண்டது. பச்சை விளக்கு எரிந்தது, ரசீது வந்தது. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

“மொத தடவ வந்தப்பவே இது இங்கதான் இருந்துச்சா?” என்று ஐடா கேட்டாள்.

பவ்யா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதான் ஆயிப்போச்சில்லம்மா,” என்றார் மனோகர். “சந்தோஷமா போயிட்டு வாங்க.”

வெளியே வந்ததும் டக்ளஸ் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சிரித்தார். “டீ குடிக்கலாமா?”

ஐடாவுக்கு எண்ணெய் தேய்த்த ராத்திரிகள் நினைவுக்கு வந்தன. எவ்வளவு பயபக்தியோடு தேய்த்தோம் என்று நினைக்க நினைக்கத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு கிழவி வெளியே வந்தாள், தன் கட்டைவிரலையே பார்த்தபடி.

“இன்னா ஆச்சும்மா?” என்றாள் ஐடா.

“பூதிகோட்டைலேர்ந்து வரேன். வெரல் வுழலயாம். அடுத்த வாரம் வரச் சொல்றாங்க.”

“கண்ணு பாத்தாங்களா?”

“கண்ணா? இல்லியே.”

ஐடா கிழவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். ‘வுடு ஐடா’ என்று சொல்ல டக்ளஸ் வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்தவர் முன்னால் போய்க் கதவைத் திறந்து பிடித்தார். ஐடா வரிசையைத் தாண்டி நேரே கவுன்ட்டருக்குப் போனாள்.

“அலமாரியத் தெற,” என்றாள்.